சத்திரசிகிச்சை நிபுணர் யாரோடு பேசுகிறார்?

இலங்கையிலும் இந்தியாவிலும் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணரின் கையிலுள்ள கருவிகளும் அவர் பயின்ற சாஸ்திரமும் வேறல்ல. 1835இல் சென்னையிலும் 1870இல் கொழும்பிலும் தோன்றிய மருத்துவக் கல்லூரிகள் இரண்டும் ஆங்கில ஆட்சியின் ஒரே மரபிலே கிளைத்தவை. ஆனால், ஒரு மனிதரின் காலை எடுத்தேயாக வேண்டும் என்று தம் மனத்துள் நிச்சயித்துவிட்ட நிபுணர், அதைச் சொல்வதற்காக யாருடைய முகத்தை நோக்கித் திரும்புகிறார் என்பதைக் கவனித்தோமாயின், இவ்விரு தேசங்களின் வைத்திய ஒழுக்கமும் வெவ்வேறு திசையில் வளர்ந்திருப்பது புலப்படும்.

காலை உதாரணமாக எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். சலரோகம் முற்றியவரின் பாதத்தில் நரம்புகள் உணர்ச்சி இழந்துவிடுவதனால், முள் தைத்ததையும் செருப்புக் கடித்ததையும் அவர் அறிவதில்லை. இரத்தக் குழாய்கள் ஒடுங்கிவிடுவதனால் புண் ஆறுவதுமில்லை. பலவேளைகளில் நாற்றம் எழுந்த பின்னரே வீட்டார் கவனிக்கிறார்கள். விரலோடு நிறுத்தலாமா, பாதத்தின் நடுவே வெட்டலாமா, முழங்காலுக்குக் கீழேயா மேலேயா என்பதை நிபுணர் நெடுநேரம் ஆலோசிக்கிறார். முழங்கால் மூட்டுத் தப்பினால் செயற்கைக் கால் இட்டு நடப்பது பெரிதும் எளிதாகும் என்பதனால், சில அங்குலங்களுக்கு அத்தனை மதிப்பு உண்டு. வலியே இல்லாத காலை எதற்காக வெட்ட வேண்டும் என்று நோயாளி கேட்பாராயின் அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லப் பொறுமை வேண்டும், அவகாசமும் வேண்டும்.

தமிழகத்து அரசு மருத்துவமனையில் அந்த விடை பெரும்பாலும் நோயாளியின் செவிக்கு நேரே வருவதில்லை. மாணாக்கரும் உதவி மருத்துவரும் சூழ வார்டைச் சுற்றிவரும் சீஃப், புண்ணைப் பார்த்துவிட்டு, "கூட இருக்கிறது யாரு?" என்று கேட்பார், மூத்த மகனோ மருமகனோ முன்னே வருவார், வராந்தாவிலே, தணிந்த குரலில், விஷயம் சொல்லப்படும். இது அலட்சியத்தால் விளைந்த வழக்கமன்று. இரத்தத்துக்கு ஓடுகிறவரும், பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோகிறவரும், இரவெல்லாம் தரையிற் படுத்து விழித்திருப்பவரும் அந்த உறவினரே. 2009இல் தொடங்கிய அரசின் மருத்துவக் காப்பீடும் குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டது. அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு அலைபவரும் அவரே. சிற்றூர்களிலோ, கணவர் சத்திரசிகிச்சை செய்ய மனைவி பிரசவம் பார்க்கும் சிறு நர்ஸிங் ஹோம்களில், நிபுணருக்கும் குடும்பத்துக்கும் தலைமுறைப் பழக்கம் இருக்கும். "டாக்டர் சொன்னால் சரி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1934இல் காலமான டாக்டர் ரங்காச்சாரியின் சிலை சென்னைப் பொது மருத்துவமனையின் முன் நிற்பதற்கும், தனிமனிதரான நிபுணர்மீது அந்நாட்டார் வைக்கும் இந்தப் பக்தியே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பக்தி சம்மதமாகாது. பரிசோதனைக்கென்று மயக்கமருந்து கொடுக்கப்பட்டுக் கிடந்த பெண்ணொருத்தியின் கர்ப்பப்பையை, வெளியே காத்திருந்த தாயின் இசைவை மட்டும் பெற்று அகற்றிய வழக்கிலே, 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம், அவசர நிலை இல்லாதபோது வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை வேறெவரும் தர இயலாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து ஆண்டுகள் பல கடந்தும், வராந்தாப் பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினர் வாசலுக்கு வெளியே போய்விட, விடுதியில் நோயாளி தனித்திருக்கிறார். காலையில் வரும் நிபுணருக்கு அவரோடு பேசுவதைத் தவிர வழியில்லை. "ஐயா, இந்தக் காலை வச்சிருந்தா உங்கட உயிருக்கு ஆபத்து" என்ற சொல் கட்டிலருகே, அவருக்கே சொல்லப்படுகிறது. கொடுமையாகத் தோன்றினும் நான் இதனையே மேலானதாகக் கருதுகிறேன், கால் அவருடையது.

ஆனால் இங்கே வேறொரு குறை உண்டு. அது தொழில் வாழ்க்கையின் அமைப்பிலேயே உள்ளது. 1980இல் கொழும்பில் நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் பயின்று, அந்நிய நாடொன்றில் ஏறக்குறைய ஓராண்டு பயிற்சி பெற்றுத் திரும்பும் நிபுணரைச் சுகாதார அமைச்சு தீவின் எந்த மூலைக்கும் நியமிக்கலாம். சில ஆண்டுகளில் இடமாற்றமும் வரும். வெட்டிய கையே பின்னர் ஆறிய தழும்பைப் பார்க்கும் என்ற உறுதி இல்லை. கிளினிக் கொப்பி ஒன்றே தொடர்ச்சியைக் காக்கிறது. தமிழறியாத நிபுணர் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ கடமையேற்கும்போது, காலை இழக்கும் செய்தி ஒரு தாதியின் வாயாலோ, விடுதியிற் பணிபுரியும் தொழிலாளி ஒருவரின் வாயாலோ வந்து சேர்கிறது. சொல்லப்பட்டதில் பாதி வழியிலே உதிர்ந்துவிடுகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, இரண வைத்தியத்துக்கும் தமிழில் நூல் செய்தவர். நோயாளியின் பாஷையிலே வைத்தியம் நடக்க வேண்டுமென்று அவர் பட்ட பாட்டை, எங்கள் மருத்துவக் கல்வி இன்னும் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை என்பதைத் துயரத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இரு கரையாரும் ஒருவரிடமொருவர் பெற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ராஜஸ்தானத்துக் கைவினைஞரும் வைத்தியரும் கூடி உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் ஒன்றிற் செய்து பொருத்தப்பட்டு, போரிலே கால் இழந்த எண்ணற்றோரை நடக்கவைத்தது. சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள், உறவினர் ஒருவரையும் உடனிருத்தி, அத்தகைய காலோடு நடக்கும் ஒருவரை நோயாளியின் கட்டிலருகே அழைத்துவந்து பேசவைப்பதற்குப் பணமோ புதிய யந்திரமோ வேண்டியதில்லை. நிபுணர் தமது சுற்றில் கால்மணி நேரத்தை அதற்கென ஒதுக்கினாற் போதும்.