ஒதெல்லோவில் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'ஆனஸ்ட்' என்னும் சொல்லை 'நேர்மையான', 'நாணயமான' என நாம் இன்று தயங்காது பெயர்க்கின்றோம். அப்பொருளையே துணையாகக் கொண்டு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவினுட் புகுவோர் இடர்ப்படுவது உறுதி. அந்நாடகத்தில் இச்சொல்லும் இதன் பண்புப்பெயரும் 52 இடங்களில் வருவதனை வில்லியம் எம்ப்சன் 1951-இல் வெளியிட்ட தம் சொல்லாராய்ச்சி நூலில் எடுத்துக்காட்டினார்.

மதிப்பு எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லடியாகப் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது இச்சொல். பெண்பால்மேற் செல்லுங்கால் அது பெரும்பாலும் கற்பைக் குறித்தது. ஆம்லெட் ஒபீலியாவை இச்சொல்லால் வினவுவதும் அது பற்றியே. ஆடவருள் தாழ்நிலையில் உள்ளானைத் தட்டிக்கொடுக்கும் சொல்லாகவும் அது வழங்கிற்று. ஏவலாளனை 'நல்ல பிள்ளை' என்று நாம் கூறுமிடத்து அன்போடு சிறிது மேட்டிமையும் ஒலிப்பதில்லையா? அவ்வொலியே அதற்கும் உண்டு.

இயாகோவை இச்சொல்லால் சுட்டுவோர் யாவர் என நோக்குக. தலைவன் ஒதெல்லோ, அவன் மனைவி டெஸ்டிமோனா, இயாகோ விழைந்த பதவியைப் பெற்றுவிட்ட காசியோ ஆகிய மூவரும் அவனின் மேலோர். பதவியை மறுத்துப் பாராட்டை மட்டும் அளிப்பதுபோல் உள்ளது இது. இச்சொல்லின் மேட்டிமை இயாகோவை உறுத்தியது என்னும் எம்ப்சன் கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும் அவ்வுறுத்தலையே அவன் கொடுமைக்கு முழுக் காரணமாகக் கொள்ளுதல் மிகை. பதவி இழந்த சினத்தை அவன் முதற்காட்சியிலேயே வெளிப்படக் கூறிவிடுகின்றான்.

மூன்றாம் அங்கத்து மூன்றாங் காட்சியே இச்சொல்லின் போர்க்களம். காசியோ இத்தன்மையன் அல்லனோ என ஒதெல்லோ கேட்கின்றான். இயாகோ விடை கூறாது அச்சொல்லையே வினாவாகத் திருப்பி விடுகின்றான். அவன் பொய் ஒன்றும் கூறவில்லை, சொல்லை ஐயத்திற்கு உரியதாக்கினான், அவ்வளவே. அதே காட்சியில் அச்சொல் டெஸ்டிமோனாவின்மேற் சென்று கற்பு என்னும் பொருள் கொள்கின்றது. இயாகோவுக்கு அச்சொல் உரியதென நம்புந்தோறும் மனைவிக்கு அஃது உரியதன்று என நம்ப வேண்டிய நிலை ஒதெல்லோவுக்கு நேர்கின்றது. ஒரு சொல்லை இருவருக்கிடையே பங்கிட இயலாமையே அவன் துயரம்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் திகைப்பர். இயாகோவுக்கு 'நேர்மை' என்றும் டெஸ்டிமோனாவுக்குக் 'கற்பு' என்றும் பிரித்தெழுதினால் பொருள் விளங்கும், நாடகம் மறையும். 'உத்தமன்', 'உத்தமி' என்பன இருபாற்கும் பொருந்துமேனும், கீழோனைத் தட்டிக்கொடுக்கும் ஒலி அவற்றில் இல்லை. 'யோக்கியன்' என்பது வடசொற் சிதைவென்று தூயோர் முகஞ்சுளிப்பர். எனினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது செல்லும். பெண்ணின்மேற் சென்றால் ஒழுக்கத்தையே உணர்த்தும். மேலோர் வாயில் இரக்கமும் எள்ளலும் ஏற்கும். யான் அதனையே தேர்வேன்.

ஆயின் ஓரிடத்தில் அதுவும் கைவிடும். இறுதிக் காட்சியில் வாளை இழந்து நிற்கும் ஒதெல்லோ, இப்பண்பு மாண்டபின் மானம் மட்டும் எஞ்சுவதேன் எனத் தன்னையே வினவுகின்றான். ஆங்கிலத்தில் மானத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. அவ்வுறவைக் காட்டும் இணைச்சொற்கள் தமிழில் எனக்குப் புலப்படவில்லை.