விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்

மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ (2003) நாவலை முதல் தடவை படிச்சப்போ போலீஸ் ஸ்டேஷன் காட்சிக்கு நல்லா சிரிச்சேன். போன வாரம் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரலை.

கதை தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரம், 15 வயது கிறிஸ்டோபர். எதிர்ச்சாரி வீட்டு நாய் செத்துக் கிடக்கிறது, இவன் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறான். போலீஸ் வருகிறது. கேள்விகள் அவன் தலைக்குள் போய்ச் சேருவதற்குள் அடுத்தது வருகிறது, அதற்குள் அதற்கடுத்தது. அவன் புல்தரையில் நெற்றியை அழுத்திக்கொண்டு முனகுகிறான். போலீஸ்காரர் கையைப் பிடித்துத் தூக்குகிறார். கிறிஸ்டோபர் அடித்துவிடுகிறான். கைது.

ஆஸ்பெர்கர் என்ற சொல் நாவலுக்குள் எங்கேயும் கிடையாது. அதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு முக்கியம் ஸ்டேஷனில் நடக்கிற விசாரணை.

அப்பா வந்து, பையன் வேண்டுமென்று அடிக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் பையனிடம் கேட்கிறார்: வேண்டுமென்றுதான் அடித்தாயா? ஆமாம் என்கிறான். காயப்படுத்த நினைத்தாயா? கொஞ்சம் யோசித்து, இல்லை, என்னைத் தொடுவதை நிறுத்தணும்னுதான் என்கிறான். சரி, எச்சரிக்கையோடு விடுகிறோம். நீ அடித்தது ஒரு விபத்து என்று பதிவு செய்துகொள்கிறோம் என்கிறார் அவர். பையன் உடனே மறுக்கிறான். விபத்தெல்லாம் இல்லையாம். அப்பா கெஞ்சுகிறார், வாயை மூடுப்பா என்கிற தொனியில்.

பொய் சொல்லத் தெரியாத பையன் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறான், அதுதான் நகைச்சுவை. நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் சட்டப்படி யார் சரி? இங்கிலாந்தில் போலீஸ் தரும் ‘காஷன்’ என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மட்டுமே தரக்கூடியது. கை தவறிப் பட்டிருந்தால் அது தாக்குதலே இல்லை, எச்சரிக்க ஒன்றுமில்லை. வேண்டுமென்று அடித்திருந்தால் விபத்து என்று எழுத முடியாது. இன்ஸ்பெக்டர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்கிறார். அந்த அறையில் சட்டத்தைச் சரியாகப் பேசியது பையன் ஒருத்தன்தான்.

அடித்தது வேண்டுமென்று, நோக்கம் காயப்படுத்துவது அல்ல என்று அவன் பிரித்துச் சொல்வது சாதாரண விஷயமில்லை. குற்றவியல் வழக்கில் வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுவது இந்த இடத்தில்தான். அதை யாருமே காதில் வாங்கவில்லை. அவனைக் காப்பாற்றியது அவன் சொன்ன உண்மை இல்லை, அப்பாவும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து தயாரித்த ஒரு நல்ல மனசுப் பொய்.

ஹேடன் மீது எனக்கு வருத்தம் இங்கேதான். இந்தப் பொய் எவ்வளவு அதிர்ஷ்டத்தில் நிற்கிறது என்பதை நாவல் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உள்ளூர் அப்பா, பொறுமையான இன்ஸ்பெக்டர், வெள்ளைக்காரப் பையன். இதில் ஒன்று மாறினால்?

2010-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு நூலகம் திறக்கக் காத்திருந்தான் 18 வயது ஆட்டிசப் பையன் ஒருவன். கறுப்பினத்தவன். துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று யாரோ போன் செய்தார்கள். துப்பாக்கி இல்லை. ஆனாலும் அங்கே வந்த போலீஸ்காரரோடு கைகலப்பாகி அவருக்குக் காயம். காயம் பலமானது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் தொடக்கத்தைப் பாருங்கள்: கேள்விகள், பிடித்து நிறுத்தும் ஒரு கை. ஸ்விண்டன் புல்தரையில் நடந்ததேதான். இங்கே விபத்து என்று எழுதிக்கொள்ள யாரும் இல்லை. சிறை, பிறகு தனிமைச் சிறை. ஆளுநர் நிபந்தனையோடு மன்னிப்பு கொடுத்தது 2015-ல், முழு மன்னிப்பு வந்தது 2021-ல்.

நாவலில் இன்னொரு சின்ன விஷயம். ஸ்டேஷனில் ஷூ லேஸ், பையில் இருந்தது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்ற வரும்போது கிறிஸ்டோபர் அலறுகிறான், சரி இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை இந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. விதியில் இல்லாத ஒன்றை, அந்தப் பையனுக்கு அது தேவை என்பதற்காக மட்டும், ஒரு போலீஸ்காரர் செய்கிறார். புத்தகம் இதற்கு ஒரு வரிக்கு மேல் செலவழிக்கவில்லை.