அமுதசுரபியும் அரிசி அட்டையும்

பூம்புகாரிலே சிலப்பதிகாரத்துக்குக் கலைக்கூடம் உண்டு. 1973-இல் கலைஞர் ஆட்சி எழுப்பியது; கண்ணகியின் கதை அங்கே கல்லிலே பேசுகிறது. அந்தப் புகார் நகரையே களமாகக் கொண்டு எழுந்த மற்றொரு காப்பியம், சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அதற்கு நினைவுச் சின்னம் எங்கே? நாம் நியாயவிலைக் கடையைக் காட்டுவோம்!

வகுப்பறையில் அமுதசுரபி என்று சொன்னதும் மாணவர் கண்கள் விரியக் காண்கிறோம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அல்லவா! ஆயினும் பகுத்தறிவுக் கண்கொண்டு நோக்கின், காப்பியத்தின் பலவீனமே அந்தப் பாத்திரந்தான். அதில் முதற் பிச்சை இடக் கற்புக்கரசி ஆதிரையைத் தேடிச் செல்ல வேண்டுமாம்! காயசண்டிகையின் தீராப் பசிக்குக் காரணம் முனிவர் சாபமாம்! பசிக்குக் காரணம் சாபமென்றால், கூலியைக் குறைத்தவன் தப்பித்துக் கொள்வான் அன்றோ?

ஆனால் சிறைக்கோட்டத்துக்கு வரும்போது சாத்தனார் நிமிர்ந்து நிற்கிறார். சிறையில் வாடியோர்க்குச் சோறிட்ட மணிமேகலையிடம், யான் செய்ய வேண்டுவது யாதென மன்னன் வினவுகிறான். அவள் பொன் கேட்கவில்லை. சிறையை அழித்து அறக்கோட்டம் ஆக்குக என்கிறாள். ஆக்குகிறான். அந்த மாற்றத்தைச் செய்தது மந்திரம் அன்று, அரசாணை! பசி தீர்ப்பது அரசின் கடமை என்ற கருத்தின் விதை அங்கே கிடக்கிறது.

அந்த விதை நம் காலத்தில் முளைத்தது. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தை அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 1997-இல் நடுவண் அரசு வறுமைக்கோடு கிழித்து மக்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அனைவர்க்கும் பொது விநியோகம் என்றே நின்றது. 2011 சூன் முதல் அரிசி அட்டைதாரர்க்கு அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது.

இலவச அரிசி உழைப்பாளியைச் சோம்பேறியாக்கும் என்று சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல் எழுகிறது. யார் சோம்பேறி? காவிரிக் கழனிச் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளா? மேட்டூர் அணை சூன் 12-இல் திறந்து சனவரி 28-இல் மூடுவது மரபு. அணை மூடி, அறுவடையும் முடிந்தபின், நிலமற்றவளுக்கு வயலில் வேலை ஏது? அவள் நட்ட நெல்லைத்தான் கொள்முதல் நிலையங்களில் அரசு வாங்குகிறது. அரிசியாக்கிக் கடைக்கு அனுப்புகிறது. இது பிச்சையா? வயிறு காய்ந்தவன் கொடுத்த கூலிக்குத் தலையாட்டுவான்; வீட்டில் அரிசி இருப்பவன், இந்தக் கூலி போதாது என்பான். சீமான்களின் சினத்துக்குக் காரணம் அதுவே!

தோழர்களே! எடை குறைந்தால் கேளுங்கள்; அரிசி நாறினால் கேளுங்கள். பிச்சை ஏற்பவன் குறை சொல்ல இயலாது. உரிமை உடையவன் சொல்லலாம்.

சாத்தனார் இன்னொன்றும் காட்டுகிறார். பாண்டிய நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியதும், ஆபுத்திரனின் பாத்திரத்தை நாடி வர ஆளில்லை. அவன் வருந்தினான். நாம் வருந்த மாட்டோம். உழுபவனுக்கு நிலமும் உழைப்பவனுக்கு நியாயக் கூலியும் கிடைத்து, கடை வாயிலில் வரிசை தானே கலையும் நாள் வரட்டும். அதுவரை அந்தக் கதவை அடைக்க எவர் வந்தாலும், குறுக்கே நிற்போம்!