ஆட்டக்காரர் தெரிவு விதியும் கல்லூரி மாணவரும்

கல்வி பயிலப் புகும் மாணவன் ஒருவன்மீது, அவன் பயிலத் தொடங்குமுன்னரே ஒரு தொழிற்கழகம் உரிமை கொள்ளுமாயின், அவனை மாணவன் என்பதா, அக்கழகத்தின் வருங்கால ஊழியன் என்பதா? பனித்தரை ஹொக்கியைப் போற்றி வளர்க்கும் ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முன் நிற்கும் வினா இதுவேயாகும்.

இளம் ஆட்டக்காரரைத் தொழின்முறைக் கழகங்கள் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும் தெரிவு முறையைத் தேசிய ஹொக்கி லீக் 1963ஆம் ஆண்டில், மொன்றியல் நகரில் முதன்முதலாகக் கைக்கொண்டது. நலிந்த கழகத்துக்குத் தெரிவில் முன்னுரிமை அளித்தல் இம்முறையின் அடிப்படையாகும். திறமை முழுவதையும் செல்வக் கழகங்களே வாரிக்கொள்ளாது தடுத்தலின், நோக்கம் நன்றென்பதில் ஐயமில்லை. ஆயினும் 18 வயது எய்தும் இளைஞன் தான் வேண்டாமலே தெரிவுக்கு உரியவனாகின்றான். அவனைத் தெரிந்த கழகமன்றிப் பிறிதொரு கழகம் அவனோடு ஒப்பந்தம் பேசுதல் இயலாது.

கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில், தெரிவுக்குப் பெயர் கொடுத்து அதில் நிலைத்து நிற்கும் மாணவன் பொதுவாகக் கல்லூரி ஆட்டத்தைத் துறந்தவனாவான். ஹொக்கியிலோ, தெரிவு செய்யப்பட்டவனும் ஒப்பந்தத்திற் கையொப்பமிடாதவரை கல்லூரிக்காக ஆடலாம். இது மாணவனுக்கு நன்மையே. ஆனால் கல்லூரிக்கோ, அவன் எப்போது நீங்குவான் என்பது தெளிவாவதில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2021ஆம் ஆண்டுத் தெரிவில் ஓவன் பவர் முதலாமிடத்தையும், மற்றி பெனியர்ஸ் இரண்டாமிடத்தையும், லூக் ஹியூஸ் நான்காமிடத்தையும், கென்ற் ஜோன்சன் ஐந்தாமிடத்தையும் பெற்றனர். நால்வரும் அடுத்த பருவத்தில் அப்பல்கலைக்கழகத்துக்காகவே ஆடினர். எனினும் 2022 ஏப்பிரலில் நடைபெற்ற தேசிய அரையிறுதியில் டென்வர் பல்கலைக்கழகத்திடம் அவ்வணி தோற்றது. அத்தோல்வியை அடுத்து, கல்வியாண்டு முடியுமுன்னரே, அவருட் சிலர் தொழின்முறைக் கழகங்களிற் சேர்ந்தனர். ஹியூஸ் மட்டும் மேலும் ஓராண்டு தங்கினார். அரிய திறமையாளரை ஒருங்கு சேர்த்தல் வேறு, அணியொன்றை ஆண்டுகள் தோறும் வளர்த்தெடுத்தல் வேறு என்பது இதனாற் புலனாகும்.

மற்றொரு நிகழ்ச்சி இதற்கு மறுதலையானது. 2012இல் நாஷ்வில் கழகத்தாற் தெரிவு செய்யப்பட்ட ஜிம்மி வேசி, ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டும் நிறைவாகப் பயின்றார். 2016இல், தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹோபி பேக்கர் பரிசினையும் பெற்றார். அவர் நாஷ்விலுடன் ஒப்பந்தம் செய்ய மறுக்கவே, அவர்மீதான உரிமை பஃபலோ கழகத்துக்குக் கைமாறியது. அன்றைய விதிப்படி, கற்கை முடிந்த ஆண்டின் ஓகஸ்ற் 15ஆம் நாளோடு அவ்வுரிமை அற்றுப்போயிற்று. பின்னர் அவர் தாம் விரும்பிய நியூயோர்க் றேஞ்சர்ஸ் கழகத்தை அடைந்தார். இதனை விதியின் ஓட்டையெனப் பழித்தாரும் உளர். அப்பழிப்புப் பொருந்தாது. படிப்பை முற்ற முடித்தவனுக்குத் தன் தொழிலிடத்தைத் தானே தேரும் உரிமையை ஈந்த விதியை ஓட்டை என்பதிலும், கல்விக்கு அளித்த மதிப்பு என்பதே பொருத்தமாம்.

முன்னர்த் தொழின்முறையாளராகக் கருதி விலக்கப்பட்ட கனடிய இளையோர் பெருலீக்குகளின் ஆட்டக்காரரும், 2025 ஓகஸ்ற் முதலாம் நாள் தொடக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடத் தகுதி பெற்றனர். அதனால் தெரிவு செய்யப்பட்டோர் கல்லூரிகளில் மேலும் பெருகுவர். அவர்க்காக இடமிழக்கும் சாதாரண மாணவரும் பெருகுவர்.

ஆகவே, குறை தெரிவு முறையில் அன்று, மாணவன் நீங்கும் காலத்தைக் கல்வியோடு தொடர்புபடுத்தாமையிலேயே உள்ளது. தொடங்கிய கல்வியாண்டு முடியுமுன் ஒப்பந்தம் செய்தல் ஆகாதென்றும், இடையில் நீங்கியவன் பின்னர்ப் பட்டத்தை முடிக்க விரும்பின் அச்செலவைக் கழகம் ஏற்கவேண்டுமென்றும் விதிப்பின், இருசாராரும் நட்டமடையார். ஆட்டக்காரனின் ஆடுகாலம் சிலவாண்டே. அதன்பின் நெடுநாள் வாழவேண்டியவன் அவனே. அந்நெடுநாளை எண்ணாத விதி, ஆட்டத்துக்கு எத்துணை நன்மை செய்யினும், கல்லூரிக்குரிய விதியாகாது.