நாமும் நாங்களும்

மெக்ஸிகோவின் காலிஃபோர்னியா வளைகுடாவில் பாய்ப்படகில் போய் வருகிறவர்களிடம் இரண்டு வகை உரைநடை உண்டு. ஒன்று வழிகாட்டிப் புத்தகத்தினுடையது: நான்கு பாகம் ஆழம், அடியில் மணல், நங்கூரம் பிடிக்கும், வாடைக்கு மறைவு, தெற்கே திறந்தது. குளிர்காலத்தில் நாள்கணக்காக அடிக்கும் வாடையையும், லா பாஸ் பக்கம் மாலையில் எழுந்து இரவெல்லாம் வீசும் கொரொமுவெல் என்ற தென்காற்றையும் அறிந்தவனுக்கு இது உயிர் காக்கும் வரி. அதில் மனிதர் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. மற்றது ஜான் ஸ்டீன்பெக்கின் ‘கார்ட்டெஸ் கடல் குறிப்பேடு’. அது எழுதப்பட்டது பாய்ப்படகில் நடந்த பயணத்தைப் பற்றியல்ல, எஞ்சின் வைத்த 76 அடி மத்தி மீன்பிடிப் படகொன்றில் நடந்ததைப் பற்றி. ஆனாலும் பாலைவனக் கரையோரத்தின் ஒதுக்கமான குடாக்களில் நங்கூரமிடுகிறவர்கள் அதைத் தங்கள் புத்தகமாகவே கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஈர்ப்பது அந்தக் கரை மட்டுமல்ல, அதை எழுதியிருக்கிற ‘நாங்கள்’ என்ற குரலும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் குரலைப் பரிசீலிக்கவேண்டும்.

1940 மார்ச்சில் மான்டெரேயிலிருந்து புறப்பட்ட படகு ஆறு வாரங்களில் திரும்பியது. கடலுயிர் ஆய்வாளர் எட் ரிக்கெட்ஸும் ஸ்டீன்பெக்கும் கடல் வற்றும் நேரங்களில் பாறையிடுக்குகளில் உயிரினங்களைச் சேகரித்தார்கள். 1941இல் புத்தகம் இருவர் பெயரிலும் வந்தது. யார் எதை எழுதியது என்று பெயர்களைப் பிரித்துப் போடக்கூடாது என்பதில் ஸ்டீன்பெக்கே பிடிவாதமாக இருந்தார். பயணப் பகுதியின் அடிப்படை ரிக்கெட்ஸின் நாட்குறிப்பு. ஈஸ்டர் ஞாயிறன்று வரும் தத்துவ அத்தியாயம் ரிக்கெட்ஸின் கட்டுரை. 1948இல் ரிக்கெட்ஸின் கார்மேல் ரயில் மோதியது, அவர் இறந்தார். 1951இல் உயிரினப் பட்டியல் நீக்கப்பட்டுப் பயணப் பகுதி மட்டும் வந்தபோது ஆசிரியர் பெயர் ஸ்டீன்பெக் ஒன்றுதான். இறந்த நண்பரைப் பற்றிய நீண்ட, அழகான நினைவுக் குறிப்பு முன்னால் சேர்ந்தது. எழுதியவர் எழுதப்பட்டவராக மாறிவிட்டார்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று முதலிலிருந்தே இருந்தது. படகில் போனவர்கள் ஏழு பேர். காப்டன், எஞ்சின்காரர், மாலுமிகள் எல்லோரும் புத்தகத்தில் பெயரோடும் குணத்தோடும் உலவுகிறார்கள். ஏழாவது ஆள் கேரல், ஸ்டீன்பெக்கின் மனைவி. புத்தகத்தில் அவர் இல்லை.

அந்த மணவாழ்க்கை அப்போது உடைந்துகொண்டிருந்தது. 1943இல் விவாகரத்தும் ஆயிற்று. சொந்த வாழ்க்கையை மறைக்க எழுத்தாளனுக்கு உரிமை உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் புத்தகத்தின் மையத் தத்துவமே ‘ஏன்’ என்றோ ‘எப்படி இருக்கவேண்டும்’ என்றோ கேட்காமல் இருப்பதை இருப்பதாகக் காண்பது. ஒரு நண்டைக்கூட விடாத அந்தப் பார்வை கூடவே பயணம் செய்த மனுஷியை விடுமானால், அது அந்தரங்கப் பிரச்சினையாக நிற்பதில்லை. தத்துவத்தின் பிரச்சினையாகிறது.

லா பாஸில் கேட்ட முத்துக் கதை ஒன்று இதில் வருகிறது. பெரிய முத்தெடுத்த இளைஞன் தனியாள். கடைசியில் சபித்து அதைக் கடலிலேயே எறிகிறான். 1947இல் இதையே ஸ்டீன்பெக் குறுநாவலாக்கியபோது கீனோவுக்கு ஒரு மனைவியும் குழந்தையும் வந்துவிட்டார்கள். முத்தின் கேட்டை முதலில் உணர்ந்து எறியப் போகிறவள் அந்த மனைவி ஹுவானாதான். அதற்காகக் கணவனிடம் அடியும் வாங்குகிறாள். நிஜமான குறிப்பேட்டில் இடம்பெறாத மனைவி கற்பனையில் வந்து சேர்கிறாள். கேரலுக்கும் ஹுவானாவுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்று நான் நிரூபிக்க முயலவில்லை. எது நிஜத்துக்கு நெருக்கமான நூல் என்ற கேள்வி அவ்வளவு சுலபமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கரைக்கு வருவோம். மனிதர்களை ஸ்டீன்பெக் காணாதவர் அல்ல. புவெர்த்தோ எஸ்கோந்திதோவில் உள்ளூர்க்காரர்களோடு மலையாட்டு வேட்டைக்குப் போய் ஒன்றும் சுடாமல் திரும்பும் பகுதியில் இருக்கிற இணக்கம் அபூர்வமானது. திபுரோன் தீவில்தான் தடுமாற்றம். செரி என்று வெளியார் அழைக்கும் கொம்காக் மக்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்ற வதந்தி அங்கே வேடிக்கைப் பேச்சாகிவிடுகிறது. கடற்புழுவுக்குச் சாட்சியம் கேட்கிறவர்களுக்கு மனிதர் விஷயத்தில் செவிவழிச் செய்தி போதுமாயிருக்கிறது.

அந்த மக்கள் கடலடியில் வளரும் ஒரு புல்லை வசந்தத்தில் சேகரித்து, அதன் விதையைத் தானியமாக உண்டவர்கள். இதை 1973இல் ஃபெல்கரும் மோஸரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். படகுக்காரன் நங்கூரத்துக்காக ஆழம் பார்க்கும் குடா இன்னொருவருக்கு விளைநிலம். 1940இல் இதை ஸ்டீன்பெக் அறிந்திருக்கவேண்டும் என்பது நியாயமில்லை. கேட்டிருக்கலாம் என்பது நியாயம்.

இதற்கெல்லாம் இடம்கொடுப்பது ஆங்கிலத்தின் ‘வீ’ என்ற ஒற்றைச் சொல். படகின் ஏழு பேர், எழுதிய இரண்டு பேர், மனித இனம் ஆகிய மூன்றையும் அது ஒரே மூச்சில் குறிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழில் இது முடியாது. மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் நாமா, நாங்களா என்று முடிவுசெய்தாக வேண்டும். குவாய்மாஸுக்கு அப்பால் ஜப்பானிய இறால் கப்பல்கள் கடலடியை வழித்தெடுப்பதைக் கண்டு பதறும் இடம் ‘நாம்’. அங்கே புத்தகம் தன் உயரத்தில் இருக்கிறது. திபுரோன் கரையில் ‘நாங்கள்’. மறுபக்கத்தில் ‘அவர்கள்’ இருந்தாக வேண்டும். கேரலைப் பொறுத்தவரை இரண்டும் பொருந்தவில்லை.

இதனால் புத்தகம் சிறியதாகிவிடவில்லை. இதைக் கையிலெடுத்துக்கொண்டு அந்தக் குடாக்களுக்குப் போகிறவர்கள், ‘ஆளில்லாத கரை’ என்று தங்கள் குறிப்பேட்டில் எழுதுமுன் படகிலிருப்பவர்களை ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டும். பிறகு கரையில் இருப்பவர்களை.