இன்னற்காலத்துத் திருமுறை யோதுதல்

நாஞ்சில் நாட்டின்கண் விளங்கும் சுசீந்திரம், கௌதம முனிவர் சாபத்தால் வருந்திய இந்திரன் இறைவனை வழிபட்டுத் தூய்மை யெய்திய தலமென்பது தல வரலாறு. சுசி யென்பது தூய்மை. இந்திரனது துன்பம் நீங்கிய செய்தியினும் அவன் தூயனாயின செய்தியே தலத்திற்குப் பெயராயிற்று. இடருற்றார் திருமுறை யோதி இறைவனை வேண்டும் முறையை ஆராய்வார்க்கு இப்பெயரே நல்லதொரு தொடக்கமாகும்.

இன்ன நோய்க்கு இன்ன பதிகம், இத்துணை நாள் ஓதுக, இன்ன பயன் எய்தும் என வகுத்துரைக்கும் சிறு நூல்கள் பல இந்நாளில் உலவுகின்றன. அன்பரை ஓதுமாறு தூண்டுதலால் அவை ஒருவாற்றான் நன்மையே செய்வன. ஆயினும் அப்பதிகங்கள் எழுந்த நிலையையும் அவற்றின் உட்பொருளையும் அவை காட்டுவதில்லை. இக்குறை சிறிதன்று.

கண்ணோய்க்கு உரியனவாகச் சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய பதிகங்களைக் காட்டுவர். சங்கிலியார்க்குத் திருவொற்றியூரில் உரைத்த சூளுறவு பிழைத்தமையால் நாயனார் கண்ணொளி யிழந்தார். பாடிச் சென்றார்க்குத் திருவெண்பாக்கத்திற் கிடைத்தது ஊன்றுகோ லொன்றே. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. ஊன்றுகோல் பெற்ற இடத்தே அவர் பாடுதலை விட்டாரல்லர். பயனை நாளெண்ணிக் குறிப்பார் இவ்வரலாற்றை என் செய்வர்?

திருநாவுக்கரசர் சூலைநோய் தீருமாறு வெளிப்படையாகவே வேண்டினார். ஆதலின் துன்ப நீக்கம் வேண்டுதல் சைவத்திற்கு இழுக்கன்று. ஆனால் அத்திருவதிகைப் பதிகம் தாம் அறியாது செய்த கொடுமைகளை நினைந்து கூறுதலொடு தொடங்குகின்றது. தன் பிழை காணும் நெஞ்சின்றி அப்பதிகத்தை நாவால் மட்டும் ஓதுவது அதன் முதற்பொருளைக் கைவிடுவதாகும்.

வினைப்பயன் நுகர்ந்தே தீரவேண்டுமெனின் வேண்டுதலாற் பயனென்னை யென்று வினவுவாரு முளர். வினை சடம், தானே வந்து பயனளிக்க மாட்டாது. அதனைக் கூட்டுவிப்பவன் இறைவனே யென்பது சித்தாந்தத் துணிபு. மருத்துவன் கசப்பு மருந்தை ஊட்டுதல் போல, அவன் துன்பத்தை ஊட்டுவதும் உயிரின் மலநோய் தீர்தற்பொருட்டே. அங்ஙனமாகலின் அவனை வேண்டுதல் வினைநெறிக்கு மாறுபடுவதன்று. அந்நெறியை நடத்துவோனைச் சார்தலேயாம்.

இதனைத் தெளிவுறுத்துவது திருநீலகண்டப் பதிகம். கொடிமாடச் செங்குன்றூரில், இக்காலத்துத் திருச்செங்கோட்டில், அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தர் அருளியது அது. துன்பம் வினையால் வந்ததென்று கூறிக்கொண்டே உய்யும் வழி நாடாதிருத்தல் குற்றமென்று அது இடித்துரைக்கின்றது. கையால் திருத்தொண்டு செய்து இறைவன் திருவடியைப் போற்றுமாறு பணிக்கின்றது. சோலை வைத்தலையும் குளந்தோண்டுதலையும் அடியார் செய்யும் நல்வினைகளாகச் சொல்லி, மலர்கொண்டு வழிபடுதலை அவற்றொடு சேர்க்கின்றது. சுரம் தீர்க்கும் பதிகமென்று மட்டும் குறிக்கும் நூல்கள் இத்தொண்டினைக் கூறாது விடுகின்றன.

குளத்துநீரால் வயல் விளைக்கும் நாஞ்சில் நாட்டார்க்கு இப்பொருள் எளிதிற் புலனாகும். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது வாழையும் இரப்பர் மரங்களும் வீழ்ந்தன. கடலிற் சென்ற மீனவர் பலர் மாண்டனர். அத்தகைய காலத்துப் பதிகம் ஓதுவோர், அயலார் துயரை வினையென்று தள்ளிவிட்டு ஓதினால், தாம் ஓதும் நூலையே மறுத்தவராவர். சம்பந்தர் தமக்காகவன்றி அடியார் கூட்டத்திற்காகப் பாடினார் என்பதும் ஈண்டு உளங்கொள்ளத்தக்கது.

ஆகவே பதிகத்தைப் பொருளுணர்ந்து ஓதுதல், தன் பிழை நோக்குதல், இயன்ற தொண்டு புரிதல், பயன் சிறிதாயினும் அதனைத் திருவருளெனக் கொண்டு மேலும் வழிபடுதல் ஆகிய இவை யாவும் வேண்டுதலின் உறுப்புக்களாம். இவ்வாறு ஓதுவார்க்கு இடர் நீங்குங்காலத்து நீங்கும். நீங்குமுன்னரே நெஞ்சு தூய்மை யெய்தும். சுசீந்திரத்தின் பெயர் உணர்த்துவதும் அதுவே.