கேட்டலின் இரு பொருள்: பொது ஒலிபரப்பும் குடிமக்கள் பங்கேற்பும்

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல் செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். பொது ஒலிபரப்பு குடிமக்களைப் பொதுவாழ்வில் ஈடுபடுத்துகின்றது எனக் கூறுவோர் பெரும்பாலும் முதற் பொருளையே மனங்கொள்கின்றனர். நேயர் தொகையும் ஒலிபரப்பு நேரமும் அவர்தம் அளவுகோல்களாகின்றன. வினவும் வாய்ப்பு எவர் கையில் உள்ளது என்பதே அடிப்படைப் பிரச்சினை என நாம் கருதுகின்றோம்.

இப்பிரச்சினையை 1932இல் பேர்டோல்ற் பிரெக்ற் தெளிவாக முன்வைத்தார். வானொலி விநியோகக் கருவி என்ற நிலையிலிருந்து தொடர்புக் கருவியாக மாறுதல் வேண்டும்; நேயர் பேசுபவராகவும் அமைதல் வேண்டும் என்பது அவர் வாதம். நிலவிய சமூக அமைப்பில் அது முற்றாகக் கைகூடாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

அவ்வாதத்தின் ஒரு பகுதியை 1956இல் பூனாப் பிரதேசத்தில் நடைபெற்ற பரிசோதனை மெய்ப்பித்தது எனலாம். கனடாவில் 1941இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்களைப் பின்பற்றி, யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி ஏறத்தாழ 150 கிராமங்களில் நேயர் மன்றங்களை அமைத்தது. கிராமத்தவர் கூடியிருந்து கேட்டனர், விவாதித்தனர், எழுந்த வினாக்களை நிலையத்துக்கு அனுப்பினர். ஆய்வின் முடிவு கருத்திற் கொள்ளத்தக்கது. மன்றங்கள் இயங்கிய கிராமங்களில் மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களில் வளர்ச்சி அற்பமாகவே காணப்பட்டது. கூட்டு விவாதமே மாற்றத்தை விளைவித்தது என்பது இதனாற் புலனாகும். எனினும், நிகழ்ச்சிகளின் பொருளை வகுக்கும் அதிகாரம் நிலையத்திடமே இருந்தது.

இலங்கையில் 1925இல் ஆரம்பித்த ஒலிபரப்பு அரசின் அரவணைப்பிலேயே வளர்ந்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமாகியபோதும் உடைமையுறவு மாறவில்லை. 1981இல் மகாவலிக் குடியேற்றங்களிலும் 1989இல் கொத்மலையிலும் தோன்றிய சமூக வானொலிகள் கிராமத்தவரை ஒலிவாங்கியின் முன் கொணர்ந்தன. ஆயின் அவையும் அக்கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கின.

இவ்வுறவின் இயல்பை 1995இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் வெளிப்படுத்திற்று. நேயர்களும் பங்குபற்றிய முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைக் கூட்டுத்தாபனம் திடீரென நிறுத்தியது. அதிற் பங்குபற்றிய நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். தகவலைப் பெறுதல் மாத்திரம் பேச்சுச் சுதந்திரத்துள் அடங்காது. ஆயின் பங்குபற்றும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டுள்ளது என நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கேட்டலின் இரு பொருளையும் சட்டம் இவ்வாறு வேறுபடுத்திக் காட்டியது.

அரசுடைமையின் குறைகளுக்குத் தனியாருடைமை பரிகாரமாகாது. அங்கு நேயர் விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டமாகின்றார். நீதிமன்றமும் ஒரு நேயரின் உரிமையை உறுதிசெய்யலாமேயன்றி, எது பேசப்படல் வேண்டும் எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மக்களுக்கு வழங்கவியலாது. தொழிற்சங்கங்கள், விவசாயிகள் அமைப்புகள், மாதர் சங்கங்கள் ஆகியன நிகழ்ச்சித் திட்டமிடலில் இடம்பெறுங்காலையிலேயே பொது ஒலிபரப்பு தன் பெயருக்குரிய பொருளைப் பெறும்.